கோபுரம் மறைந்த பிறகு தொடங்கும் தீவு

ஸ்ரீரங்கம் போய்வந்தவர்களிடம் "தீவு எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி புரியாமல் ஒரு நொடி முழிப்பார்கள். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டி, அம்மா மண்டபத்தில் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, ரங்கா ரங்கா கோபுரத்தடியில் செருப்பை விட்டுவிட்டு, வரிசையில் நின்று பெருமாளைச் சேவித்து, அடுத்து திருவானைக்காவல், மாலையில் சமயபுரம் என்று ஒரே நாளில் முடித்துத் திரும்பியவர்கள் அவர்கள். தாங்கள் நின்ற இடம் இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கிறது என்பதே அவர்கள் நினைவில் தங்குவதில்லை. தஞ்சாவூரிலிருந்து கோடை விடுமுறைக்கும் மார்கழிக்கும் கிளம்பும் வேன்கள் பெரும்பாலும் இந்தச் சுற்றைத்தான் சுற்றிவிட்டு வருகின்றன.

தீவு அதைவிட மிகப் பெரியது. மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். தெற்குக் கிளைக்குக் காவிரி என்ற பழைய பெயரே நிலைத்துவிட்டது. பிரிந்த இரண்டும் கல்லணைக்கு அருகே மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் கிடக்கும் மண்தான் ஸ்ரீரங்கம் தீவு. நீளம் சுமார் 30 கிலோமீட்டர். அகலமான இடத்திலும் இரண்டு மூன்று கிலோமீட்டரைத் தாண்டாது. இந்த ஒல்லியான நிலத்தின் நடுவே சில கிலோமீட்டருக்குள் பெரிய கோயில், சித்திரை வீதிகள், ரயிலடி, திருவானைக்காவல், விடுதிகள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. வருகிற கூட்டமும் அங்கேயே அடங்கிவிடுகிறது. மிச்சமெல்லாம் வாழையும் நெல்லும் படுகையும் வாய்க்காலும்தான்.

அந்த மிச்சத்தின் கிழக்குப் பகுதியைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. அது அழகான இடம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் இன்னும் பெரியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரங்களில் வயலுக்குத் தண்ணீர் எவ்வளவு, எந்த ஆற்றில், எப்போது என்பதெல்லாம் முடிவாகிற இடம் இந்தத் தீவின் கிழக்கு நுனி. நம் வீட்டு உலையில் கொதிக்கிற அரிசிக்கும் அந்த நுனிக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. அங்கே போகாமல் தீவைப் பார்த்ததாகக் கணக்கில் வைத்துக்கொள்ளக் கூடாது.

காவிரியில் அரங்கநாதர் பள்ளிகொண்ட தீவுகள் மூன்று. கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணமும் சிவனசமுத்திரமும், தமிழகத்தில் ஸ்ரீரங்கம். ஸ்ரீரங்கப்பட்டணம் ஹைதர் அலிக்கும் திப்புவுக்கும் தலைநகரானது. சிவனசமுத்திரத்து அருவியில் 1902-லேயே மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். ஸ்ரீரங்கம் கோயிலாகவே வளர்ந்தது. 156 ஏக்கர் பரப்பு, ஏழு திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள், 1987-ல் குடமுழுக்கு கண்ட 236 அடி ராஜகோபுரம், 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது. இவையெல்லாம் பலரும் எழுதியவை, வாசகர்களுக்குத் தெரிந்தவை. சுஜாதா எழுதிய பிறகு கீழச் சித்திரை வீதியைக்கூடத் தெரியாத தமிழ் வாசகர் குறைவு. திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமனைப் பற்றியும் பாடப் புத்தகத்திலேயே படித்துவிட்டோம்.

ஊருக்குள்ளேயே கூட்டம் எட்டிப் பார்க்காத இடங்கள் உண்டு என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் நடுவே காட்டழகிய சிங்கர் கோயில். பெயரே சொல்வதுபோல ஒரு காலத்தில் அந்த இடம் காடு. யானைகளின் தொல்லை தீர நரசிம்மரை எழுந்தருளச் செய்தார்கள் என்பது கோயில் வரலாறு. பிள்ளை லோகாசாரியர் தம் சீடர்களுக்கு ரகசியப் பொருள்களைச் சொன்ன இடமாக வைணவர்கள் போற்றும் தலம் அது. பெரிய கோயிலில் நகர முடியாத நாளில்கூட இங்கே தூணோரம் உட்கார்ந்து அரைமணி நேரம் இருக்கலாம். வடக்கே கொள்ளிடக் கரையை நோக்கிப் போனால் திருமங்கையாழ்வாரோடு சேர்த்துப் பேசப்படும் தசாவதாரக் கோயில். மேற்கே மேலூரில் 2015-ல் வனத்துறை திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. குழந்தைகளோடு போகிறவர்கள் அதை விடக் கூடாது; காவிரிக் கரையில் இயல்பாக வாழும் பூச்சிகளுக்கு அவை விரும்பும் செடிகளை வைத்து வளர்த்த தோட்டம் அது. கூண்டு போட்டுக் காட்டுகிற காட்சிசாலை என்று நினைத்துப் போகிறவர்களுக்கு அங்கே நல்ல வியப்பு காத்திருக்கிறது.

இனி கிழக்கே திரும்புவோம்.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் இந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தார்கள். புகாரிலிருந்து புறப்பட்டுக் காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி நடந்து, அரங்கத்துக்கு அருகே ஓடமேறித் தென்கரை சேர்ந்து மதுரைக்குப் போனார்கள் என்கிறது காப்பியம். கடலோரத்திலிருந்து உறையூர்ப் பக்கம் வருகிற யாருக்கும் அன்று இயல்பான வழி அதுதான். இன்று நாம் ரயிலில் பொன்மலையைப் பார்த்துக்கொண்டு திருச்சிக்குள் நுழைகிறோம். அவர்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் தீவுக்குள் நுழைய வேண்டிய முறையான வாசல் கிழக்கு வாசல்தான் என்று எனக்குத் தோன்றுவதற்கு இந்தப் பழைய நடையும் ஒரு காரணம்.

வலக்கையில் காவிரி, இடக்கையில் கொள்ளிடம்

இருந்தாலும் பழக்கப்பட்ட பக்கத்திலிருந்தே போவோம். திருவானைக்காவலிலிருந்து கல்லணை சுமார் 20 கிலோமீட்டர். கொண்டையம்பேட்டை வரை நகரம் விடுவதில்லை. கடைகள், மாடி வீடுகள், இரும்புக் கதவுகள். அதற்கப்புறம் வீடுகள் இடைவெளி விட ஆரம்பிக்கின்றன, அந்த இடைவெளியில் வாழை வந்து நிற்கிறது. திருவளர்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு, கவுத்தரசநல்லூர். ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே கேட்க நன்றாக இருக்கிறது. பின்னால் திரும்பினால் சிறிது தூரம் வரை தென்னைக்கு மேலே ராஜகோபுரத்தின் நுனி தெரியும். ஒரு வளைவில் அதுவும் மறைந்துவிடும்.

சாலை காவிரியின் வடகரையை ஒட்டியே போகிறது. வலக்கைப் பக்கம் காவிரி. இடக்கைப் பக்கம் வாழைத் தோப்புகளைத் தாண்டினால் கொள்ளிடம். ஒரே ஆற்றிலிருந்து பிரிந்தவை என்றாலும் இரண்டின் குணமும் வேறு. காவிரி படித்துறை உள்ள ஆறு. துணி துவைக்கவும், மாடு குளிப்பாட்டவும், ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணி விடவும் மக்கள் இறங்குகிற ஆறு. கொள்ளிடம் வெறும் மணலாகவும் நாணலாகவும் பெரும்பகுதி ஆண்டு கிடக்கும். ஓரமாக ஒரு நீர்த்தாரை ஓடிக்கொண்டிருக்கும். மேட்டூர் நிரம்பி வெள்ளம் திறந்துவிட்டால் ஒரே நாளில் கரைக்குக் கரை பொங்கி, யாரையும் கிட்டே சேர்க்காது. வெள்ளத்தை வாங்கிக்கொண்டு கடலில் சேர்ப்பதுதான் அதன் வேலை. காவிரி வயலுக்குப் போகிறது. இந்தப் பிரிவினை புரிந்தால் டெல்டாவின் பாதிக் கதை புரிந்த மாதிரி.

கொள்ளிடக் கரையில் விடிகாலையில் நின்றால் நாரைகளும் பாம்புத்தாராவும் செம்பருந்தும் கண்ணில் படும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் நீர்நாய்கள் இன்னும் வாழ்கின்றன. கூட்டமாக நீந்தி மீன் பிடிக்கும் அந்தப் பிராணியைப் பார்ப்பதற்குப் பொறுமையும் அதிர்ஷ்டமும் வேண்டும். கொள்ளிடத்தில் முதலைகளும் உண்டு. அணைக்கரைப் பக்கம் அவை மிகுதி என்றாலும், மேலேயும் அவ்வப்போது தென்படுகின்றன. தெரியாத மடுவில் இறங்கிக் குளிக்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்களும் சுழலும் முதலையைவிட அதிகம் பேரை இந்த ஆற்றில் வாங்கியிருக்கின்றன.

வாழையைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சாலையைக் கடக்க முடியாது. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, ஏலரிசி, மொந்தன், நேந்திரம் என்று திருச்சி வட்டாரத்தில் வாழைக்கு எத்தனையோ முகம். தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை 1993-ல் திருச்சியில் வைத்தது தற்செயல் அல்ல. ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள படுகை நிலத்தில் வெள்ளம் விட்டுப்போகிற வண்டல்தான் இதற்கெல்லாம் முதல். நாட்டு வாய்க்கால் என்று ஒன்று காவிரியில் தலைப்பிட்டுத் தீவுக்குள்ளேயே ஓடி வயலுக்குப் பாய்கிறது. கன்று வைத்துத் தார் வெட்ட ஏறக்குறைய ஓர் ஆண்டு. அதுவரை மரம் சும்மா நிற்பதில்லை. இலை கட்டுக்கட்டாகக் காந்தி மார்க்கெட்டுக்குப் போகிறது. பூவும் தண்டும் சமையலுக்கு. நார் பூக்கட்டுகிறவர்களுக்கு. அடியில் வெடிக்கும் பக்கக் கன்று மறுதாம்புக்கு. நாம் திருமண வாசலில் கட்டும் குலை தள்ளிய மரமும் இப்படி ஒரு தோட்டத்திலிருந்து வேரோடு வந்ததுதான்.

வாழைக்கு எதிரிகள் இரண்டு. வைகாசி, ஆனியில் அடிக்கிற சூறைக்காற்று ஒன்று. தார் சுமந்து நிற்கிற மரத்துக்கு மூங்கிலால் முட்டுக் கொடுத்திருந்தாலும் ஒரு சாயங்காலக் காற்றில் ஒரு தோட்டமே படுத்துவிடும். இன்னொன்று வெள்ளம். பனையபுரத்துப் பக்கம் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எனக்கு அதை விளக்கினார்: "தண்ணி வந்துட்டுப் போனா வாழ பொழச்சுக்கும் தம்பி. வந்து நின்னுடுச்சுன்னாதான் அவ்வளவுதான். கிழங்கு அழுவிடும்." வந்த தண்ணீர் எத்தனை நாளில் வடிகிறது என்பதில்தான் அந்த ஆண்டின் வரவு செலவே இருக்கிறது.

சாலையைக் கடக்கும் ஆறு

அதை நேரில் பார்க்க உத்தமர்சீலிக்கும் கிளிக்கூட்டுக்கும் நடுவே வர வேண்டும். இங்கே கல்லணைச் சாலை ஓரிடத்தில் தாழ்ந்து ஒரு தரைப்பாலமாகப் போகிறது. சாதாரண நாளில் வண்டியில் போகிறவர்களுக்கு அது ஒரு பள்ளம், அவ்வளவே. காவிரியில் அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் வரும்போது, கரை உடையாமல் இருக்க, மிகையான நீர் இந்தத் தாழ்வான இடத்தில் சாலைக்கு மேலேறி வலமிருந்து இடமாகப் பாய்ந்து கொள்ளிடத்தில் இறங்கிவிடுகிறது. அந்த நாள்களில் போலீசார் தடுப்பு வைத்துப் போக்குவரத்தை நிறுத்துவார்கள். சாலையின் இருபுறத்து வாழையும் முழங்கால் தண்ணீரில் நிற்கும். 2018 ஆகஸ்டிலும், அதன் பின்பு வந்த பெருவெள்ளங்களிலும் செய்தித்தாள்களில் உத்தமர்சீலி என்ற பெயர் அடிபட்டது இந்தப் பாலத்தால்தான்.

தீவின் கிழக்குப் பகுதி எதற்காக இருக்கிறது என்பதை எனக்கு எந்தப் புத்தகத்தையும்விட நன்றாகச் சொன்னது இந்தத் தாழ்வு. காவிரியின் படுகை மேடு, கொள்ளிடத்தின் படுகை பள்ளம். மேட்டில் ஓடும் ஆறு பள்ளத்தில் ஓடும் ஆற்றுக்குள் விழத் துடித்துக்கொண்டே இருக்கிறது. நடுவில் இருக்கிற இந்த வாழை நிலம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும் கரை. வெள்ளக் காலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். மற்ற காலத்தில் ஒரு சொட்டும் விடக் கூடாது. விட்டால் தஞ்சாவூருக்குத் தண்ணீர் கிடையாது.

விட்ட காலம் ஒன்று இருந்தது. தீவின் கிழக்கு நுனியில் காவிரியும் கொள்ளிடமும் மிக அருகில் வரும் இடத்தில் உள்ளாறு என்று ஒரு பிளவு வழியே காவிரி கொள்ளிடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதை அடைத்ததுதான் கல்லணை. கரிகால் சோழன் கட்டியது என்று தமிழகம் காலங்காலமாகச் சொல்லி வருகிறது. 329 மீட்டர் நீளத்தில், நேர்க்கோடாக இல்லாமல் பாம்புபோல வளைந்து, ஆற்று மணலில் பாறைகளைப் போட்டு, அவை தம் எடையாலேயே அமிழ அமிழ மேலே மேலே அடுக்கி, களிமண்ணைப் பூச்சாகக் கொண்டு எழுப்பியது. மேட்டூரைப் போலத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் அணை என்றே பலர் எண்ணுகிறார்கள். கல்லணை எதையும் தேக்குவதில்லை. போகக் கூடாத வழியை அடைத்து, போக வேண்டிய வழிகளைப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அங்கே நின்று பார்த்தால் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றும் மதகுகளுக்குக் கீழே கிளம்புவது தெரியும். வடக்கே கொள்ளிடம். தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டி ஓடுகிறதே, புது ஆறு என்று நாம் சொல்வது, அது இந்தக் கல்லணைக் கால்வாய்தான். மேட்டூர் அணையோடு சேர்ந்த திட்டத்தில் 1934-ல் வந்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மேட்டு நிலங்களுக்குக் காவிரித் தண்ணீர் போனது அதற்குப் பிறகுதான்.

ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இந்த அணையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் காலத்தில் சிக்கல் தீவின் மறுநுனிக்கு மாறியிருந்தது. மேற்கே பிரியும் இடத்தில் காவிரி மணலேறி மேடாகி, பெரும்பங்கு நீர் கொள்ளிடத்துக்குப் போக ஆரம்பித்தது. தஞ்சை வயல்கள் ஆண்டுக்கு ஆண்டு காய்ந்தன. கல்லணையில் 1830-ல் மணல் போக்கிகளை அமைத்தார். 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். உடனே ஆறு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. காவிரிக்குள் தண்ணீர் மிகுதியாக வர, 1840-களில் காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்துதான் கற்றோம் என்பதைக் காட்டன் பின்னாளில் எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த வித்தை கோதாவரிக்கும் போய் தவளேஸ்வரம் அணையானது. ஆந்திர டெல்டாவில் காட்டனைத் தெய்வமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பெருமையில் நம் பெயர் தெரியாத கொத்தர்களுக்கும் ஒட்டர்களுக்கும் பங்கு உண்டு.

தண்ணீரை வெட்டிய போர்

தீவின் கிழக்கு நுனி எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது போர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1752-ல் திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த சந்தா சாகிபும் பிரெஞ்சுத் தளபதி ழாக் லாவும் ஆங்கிலேயரின் துணைப்படை வருவதறிந்து காவிரியைத் தாண்டித் தீவுக்குள் ஒதுங்கினார்கள். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் கோயில்களின் மதில்களே அவர்களுக்குக் கோட்டையாயின. கிளைவ் கொள்ளிடத்தைத் தாண்டிச் சமயபுரத்தில் இறங்கி வடக்கு வழியை அடைத்தார். கிழக்கே, தீவைத் தாண்டிய முனையில், அவர்கள் தானியம் சேர்த்து வைத்திருந்த கோவிலடிக் கோட்டையைத் தஞ்சை மராட்டிய அரசின் தளபதி மானாஜி அந்த ஏப்ரலில் பிடித்தார். சோறு வரும் வழி அடைபட்டது. ஜூனில் லா சரணடைந்தார். மானாஜியிடம் தஞ்சம் புகுந்த சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. பள்ளிக்கூட வரலாற்றில் இது கிளைவின் வெற்றி என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். தீவில் நின்று படித்தால் ஆறு, கரை, தானியம் என்ற மூன்றைச் சுற்றி நடந்த போராகத் தெரிகிறது.

இரண்டு ஆண்டு கழித்து, 1754-ல், பிரெஞ்சுப் படை கோவிலடியை மறுபடி கைப்பற்றியது. இந்த முறை அவர்கள் செய்த காரியம் வேறு. காவிரி கொள்ளிடத்தில் விழாமல் காக்கும் பெருங்கரையை வெட்டிவிட்டார்கள். ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்திருந்த தஞ்சை அரசருக்கு அதைவிடக் கடுமையான தண்டனை கிடையாது. ஊரைக் கொளுத்தினால் ஓர் ஊர் போகும். இங்கே கரையை வெட்டினால் ஒரு நாட்டின் ஒரு போக நெல் போகும். பிறகு படைக் காவலோடுதான் ஆட்களை வைத்து அந்தக் கரையைச் செப்பனிட வேண்டியிருந்தது. 1760-களில் அதே கரை இன்னொரு சண்டைக்குக் காரணமானது. கரை இருக்கும் இடம் தன் திருச்சிச் சீமையைச் சேர்ந்தது என்றார் ஆற்காட்டு நவாப் முகமது அலி. அதைப் பழுதுபார்க்காவிட்டால் தன் நாடு காயும் என்றார் தஞ்சை அரசர் துளஜா. கும்பெனி நடுவில் புகுந்து, தஞ்சை அரசர் செப்பனிட்டுக்கொள்ளலாம் என்று முடிவு சொன்னது. கர்நாடகம், தமிழகம், காவிரி நடுவர் மன்றம், மேலாண்மை ஆணையம் என்று இன்று நாம் படிக்கும் வழக்குக்கு எவ்வளவு பழைய முன்னோடி!

இத்தனை சண்டைக்குக் காரணமான கல்லணைப் பக்கம் இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வறுவல் மணக்கிறது. கெண்டையும் ஜிலேபியும் மசாலா தடவிக் கல்லில் புரள, குழந்தைகள் பூங்காவில் ஊஞ்சலுக்குச் சண்டை போடுகிறார்கள். யானை மேல் கரிகாலன் சிலையாக இருக்கிறார். காட்டனுக்கும் சிலை உண்டு. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் தண்ணீர் இரண்டு மூன்று நாளில் இங்கே வந்து சேர்ந்ததும், அமைச்சர்களும் ஆட்சியர்களும் விவசாயிகளும் சேர்ந்து பூவும் நெல்லும் தூவி மதகைத் திறக்கிறார்கள். 2022-ல் மே 24-லேயே மேட்டூர் திறந்தது. அந்த ஆண்டு ஜூன் பிறக்கும் முன்பே கல்லணையில் தண்ணீர் சீறியது. குறுவை போடுகிறவர்கள் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். வாய்ப்பிருந்தால் அந்த நாளில் போங்கள். எந்தத் தேர்த் திருவிழாவுக்கும் குறைந்ததல்ல.

இப்போது இருக்கும் கவலை

2018 ஆகஸ்டில் இந்தத் தீவு நாட்டுக்கே ஓர் எச்சரிக்கை கொடுத்தது. மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவில் வெள்ளம் வந்துகொண்டிருந்த நேரம். 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. சில நாளில், ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்து 45 மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. கட்டி 182 ஆண்டுகள் ஆன அணை, வயதாகிவிட்டது என்றது அரசு. அளவுக்கு மீறி மணல் அள்ளியதால் கொள்ளிடத்தின் படுகை இறங்கி அடித்தளம் ஆட்டம் கண்டது என்றார்கள் விவசாயச் சங்கத்தினரும் சூழலியலாளர்களும். பிறகு 387 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் புதிய கதவணை கட்டப்பட்டது. வயது ஒரு காரணமாக இருக்கட்டும். இரண்டு ஆறுகளின் படுகை மட்ட வித்தியாசத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு தீவில், பள்ளமான ஆற்றை இன்னும் பள்ளமாக்குவதில் என்ன நியாயம்? இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை; உத்தமர்சீலித் தரைப்பாலத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

இன்னொரு கவலை சத்தமில்லாமல் வருகிறது. கல்லணைச் சாலையில் வாழைத் தோப்புகளுக்கு நடுவே வண்ணக் கொடிகளும் எல்லைக் கற்களும் முளைக்கின்றன. கோயில் பக்கம், ஆற்றுப் பக்கம், நல்ல தண்ணீர் என்ற மூன்று சொல் போதும், மனை விற்றுவிடும். 2020-ல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் அதில் வந்தன. திருச்சி அன்று சேர்க்கப்படவில்லை. ஆகவே சட்டத்தின் கோடு கல்லணையில் வந்து நின்றது. கிழக்கே இருந்த நெல்லுக்கு ஒரு பெயர், மேற்கே இருந்த வாழைக்கு இன்னொன்று. அந்தச் சட்டமும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும் உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றையும்தான் தடுக்கிறது. மனைப் பிரிவுகளை அல்ல. வெள்ளம் ஏறி வடிய இடம் கொடுக்கும் தாழ்ந்த நிலத்தில் வீடு கட்டி, அதற்கு மதில் எழுப்பி, சாலையை மேடாக்கிக்கொண்டே போனால், மிகை நீர் எந்த வழியாகக் கொள்ளிடம் போகும் என்று மனை வாங்குகிறவர்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

அசாமில் பிரம்மபுத்திராவின் நடுவே உள்ள மாஜுலி தீவை அந்த ஆறு ஆண்டுக்கு ஆண்டு தின்றுகொண்டிருக்கிறது. அங்குள்ள வைணவ மடங்கள் இடம்பெயர்ந்து போகின்றன. நம் தீவை ஆறு தின்னவில்லை. கரையைக் காப்பது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. தீவு என்றால் கோபுரம் மட்டும் நினைவுக்கு வருகிற வரை, கிழக்குக் கரைக்காகக் குரல் கொடுக்க அங்கே வாழை வைத்திருப்பவர்களைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை. அதனால்தான் எல்லோரும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அப்பம் கேட்ட பெருமாள்

கல்லணையோடு திரும்பிவிடாதீர்கள். அதற்குக் கிழக்கே சில கிலோமீட்டரில், தஞ்சை மாவட்டத்தில், கொள்ளிடத்தின் தென்கரையில் கோவிலடி இருக்கிறது. மானாஜி பிடித்த கோட்டை இருந்த அதே ஊர். திருப்பேர்நகர் என்று ஆழ்வார்கள் பாடிய திவ்யதேசம். இந்திரகிரி என்று சொல்லப்படும் மேட்டின் மீது, மேற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார் அப்பக்குடத்தான். ஒரு கை அருகே அப்பக் குடம். சாபம் தீர அன்னதானம் செய்துகொண்டிருந்த உபமன்யு மன்னனிடம் கிழவராக வந்து, சமைத்ததையெல்லாம் தின்று தீர்த்து, பசி அடங்காமல் ஒரு குடம் அப்பம் கேட்டார் என்பது தலவரலாறு. இன்றும் இரவில் பெருமாளுக்கு அப்பம் செய்து அமுது படைக்கிறார்கள். நம்மாழ்வார் கடைசியாக மங்களாசாசனம் செய்தது இந்தத் தலத்தைத்தான் என்பது வைணவ மரபு. காவிரிக் கரையின் பஞ்சரங்கத் தலங்களில் இது அப்பாலரங்கம். கொள்ளிடத்துக்கு அக்கரையில் அன்பில். சுந்தர சோழனின் புகழ்பெற்ற செப்பேடு கிடைத்த ஊர் அது.

ஸ்ரீரங்கத்தில் பெருமாளைக் காண எத்தனை நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கோவிலடியில் வைகுண்ட ஏகாதசி போன்ற நாள்களைத் தவிர்த்தால் பட்டர் உங்களுக்கென்று நின்று, தீபம் காட்டி, ஊர்க்கதையும் சேர்த்துச் சொல்லும் அளவுக்கு நேரம் இருக்கும்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு என் யோசனை இது. திருக்காட்டுப்பள்ளி வழியாகப் போய், குடமுருட்டி பிரியும் இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலையிலேயே கோவிலடி சேருங்கள். அங்கிருந்து கல்லணை. வெயில் ஏறுமுன் அணையைச் சுற்றி முடித்துவிட்டு, கிளிக்கூடு, உத்தமர்சீலி, திருவளர்சோலை என்று மேற்கே வாருங்கள். திருச்சி சத்திரத்துக்கும் கல்லணைக்கும் இடையே நகரப் பேருந்துகள் உண்டு. ஸ்ரீரங்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆடி முதல் தை வரை ஆற்றில் தண்ணீர் இருக்கும் மாதங்கள் நல்லவை. மேட்டூரில் வெள்ளம் திறந்த வாரமாக இருந்தால் மட்டும், உத்தமர்சீலியில் தண்ணீர் சாலையில் ஏறியிருக்கிறதா என்று கல்லணையிலேயே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.